தினமும் ஏழரைக்குப் பிடிபட்டவன்

“உங்கள எங்கேயோ பாத்திருக்கேன்” என்றார் தமயந்தி அம்மாள்.

அவர் கையிலிருந்த காபி டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. என் மகள் கயல்விழியைப் பெண் பார்க்க மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார்கள். பையனின் அம்மா பெண்ணைப் பார்த்த நேரத்தைவிடப் பெண்ணின் அப்பாவைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

“ஏதாவது கல்யாண வீட்ல பாத்திருப்பீங்க” என்றேன் நான்.

“இவரு கல்யாணம் காட்சின்னு எங்கயும் போகமாட்டாருங்க” என்றாள் என் மனைவி செல்வி, அதே நொடியில்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தோம். தமயந்தி அம்மாள் விடுவதாக இல்லை. பஸ்ஸிலா, பள்ளிக்கூடத்திலா, வைகாசி விசாகத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் முப்பது வருடத்துக்கு மேல் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன், எங்காவது விளையாட்டுப் போட்டியில் விசில் ஊதும்போது பார்த்திருக்கலாம் என்றேன். அவர் விளையாட்டுப் போட்டிக்கெல்லாம் போனதே இல்லையாம்.

அவர் என்னை எங்கே பார்த்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஏழரை மணிக்கு, அவர் வீட்டுக் கூடத்தில். ஓர் இன்ஸ்பெக்டர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பதை அந்த அம்மாள் இரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் பார்த்துவருகிறார்.

வரப்புச் சண்டை

நான் ஓய்வு பெற்றதற்கு அடுத்த வருடம். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். நீடாமங்கலம் பக்கம் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்க வந்தார்கள். போலீஸ் தொடர். பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கெதற்கு வம்பு.

கதையைப் படம் பிடிக்க வரவில்லை. கதை முழுக்கச் சென்னையில் ஒரு பங்களாவுக்குள்ளேயே நடக்கும். தொடக்கத்தில் பெயர் போடுவார்களே, அந்த முக்கால் நிமிடத்துக்காக மட்டும் இவ்வளவு தூரம் வந்தார்கள். பச்சை வயல், நடுவில் ஒற்றை வரப்பு, அதில் ஓடும் குற்றவாளி, துரத்தும் காக்கிச் சட்டை. டைரக்டர் மனதில் அப்படி ஒரு காட்சி இருந்திருக்கிறது.

குற்றவாளியாக ஓடுவதற்குச் சென்னையிலிருந்தே ஒரு ஸ்டண்ட் ஆளை அழைத்து வந்திருந்தார்கள். மாடியிலிருந்து குதிப்பவர், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வருபவர். எங்கள் வரப்பு அவரை மதிக்கவில்லை. மழையில் ஊறிய வரப்பில் பாதத்தை நேராக வைத்தால் வழுக்கிவிடும். கட்டைவிரலை அழுத்தி, சற்று உள்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இதை எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர் மூன்று முறை ஓடினார், மூன்று முறையும் வயலுக்குள் விழுந்தார். மூன்றாவது முறை விழுந்தது என் வயலில்.

நான் அப்போது மோட்டார் கொட்டகையில் இருந்தேன். “பயிரு, பயிரு” என்று கத்திக்கொண்டே வரப்பின் மேல் ஓடிவந்தேன். டைரக்டரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வந்த கோபம். அவரோ என்னைப் பார்த்துக் கை கூப்பினார். மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“சார், இப்ப ஓடிவந்தீங்கல்ல, அத அப்படியே இன்னொரு தடவ ஓட முடியுமா?” என்றார்.

என்னிடம் ஒரு குறை உண்டு. ஓடச் சொன்னால் மறுக்கத் தெரியாது.

நரைத்த தலைக்குக் கறுப்பு மை பூசினார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்கள். கட்டம் போட்ட லுங்கி, கிழிந்த சட்டை, கன்னத்தில் ஒட்டவைத்த வெட்டுத் தழும்பு. வேன் கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஆள் வந்து தண்ணீர் கேட்டால் நானே கதவைச் சாத்தியிருப்பேன்.

முதல் டேக். மதகைத் தாண்டி ஓடி நின்றுவிட்டுப் பார்த்தால், இன்ஸ்பெக்டராக நடிப்பவர் பாதி வரப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு முப்பது வயது இருக்கும். எனக்கு அறுபத்தொன்று. நான் பிடிபட வேண்டும் என்பதை டைரக்டர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். சரி என்றேன். இரண்டாவது டேக்கிலும் பிடிபடவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. கோட்டைத் தொடும்வரை வேகத்தைக் குறைக்காதே என்று காலமெல்லாம் பையன்களைத் திட்டியவன் நான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

நாலாவது டேக்கில் டைரக்டர் கை கூப்புவதை நிறுத்திவிட்டார். ஆறாவதில் எப்படியோ காலர் சிக்கியது. ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

முக்கால் நிமிடம்

டூரிங் டாக்கீஸ் காலத்தில் பெயர் போடும் நேரத்தில் நான் முறுக்கு வாங்கப் போய்விடுவேன். யார் ஒளிப்பதிவு, யார் உடையலங்காரம் என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். அந்தப் பாவத்துக்குத்தான் பெயர் போடும் இடத்திலேயே என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள் போலும்.

முதலில் சைரன் கேட்கும். ஒரு கை காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போடும், முகம் தெரியாது. ரயில்வே கேட் இறங்கும்போதே ஜீப் அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்களால் நம்பவே முடியாத இடம் அதுதான்; எப்போதும் மூடியே கிடக்கும் நீடாமங்கலம் கேட்டில் அப்படி ஒரு அதிர்ஷ்டம் யாருக்கும் வாய்த்ததில்லை. பிறகு சேற்றில் பதியும் இரண்டு பாதங்கள். என் பாதங்கள். ஒவ்வொரு காலடிக்கும் ஒரு தவில் அடி. காமிரா மேலே மேலே போகும். பச்சைக்கு நடுவே ஒரு கோடு, கோட்டில் இரண்டு புள்ளிகள். புள்ளிகள் நெருங்கும். முன்னால் ஓடுபவன் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பான். ஒரு கை, ஒரு காலர், திரை முழுக்க என் முகம். சத்தம் மொத்தமும் நின்றுவிடும். இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவார். இரும்புக் கதவு சாத்தும் ஓசையோடு தொடரின் பெயர் வந்து விழும்.

முதல் நாள் டீக்கடையே எழுந்து நின்றது. மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ தரையில் போனது. ஒரு வாரத்தில் இது அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். அடங்கவில்லை. ஏழரைக்கு எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு வரும் மினிபஸ், டீக்கடை டிவியில் நான் பிடிபட்ட பிறகுதான் கிளம்பும். உள்ளே இருப்பவர்களும் அவசரப்படமாட்டார்கள். அந்தச் சைரன் தெருவில் கேட்டால் பெண்கள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வருவார்கள். இரும்புக் கதவு சாத்தியதும் திரும்பிப் போய்விடுவார்கள். பாதிப் பேருக்குக் கதையே தெரியாது.

பிள்ளைகள் தெருவில் இதை விளையாட்டாக ஆடினார்கள். இன்ஸ்பெக்டராக இருக்க ஒருவனும் முன்வரமாட்டான். திருடனாக இருப்பதற்கு அடிதடி. அந்த வேடத்தில்தானே நிஜமான ஓட்டம் இருக்கிறது.

கதையை விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று நிறைய யோசித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கதையில் ஒரு நகைக்கடைக்காரரைக் கொன்றவனை எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் இன்ஸ்பெக்டரின் வீட்டுக்கே வந்து பாயசம் குடித்துவிட்டுப் போவான். கதைக்குள் ஒருத்தனும் சிக்குவதில்லை. தொடக்கத்தில் மட்டும் தினமும் ஒருத்தன் தப்பாமல் சிக்குகிறான். ஏதோ ஓர் இடத்திலாவது நியாயம் நடக்கிறதே என்ற நிம்மதி ஜனங்களுக்கு. அந்த நிம்மதியைக் கொடுப்பவன் நான்தான் என்று எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு. யாராவது “சார், நேத்தும் மாட்டிக்கிட்டீங்களே” என்றால் அன்று முழுக்க நடையே வேறாக இருக்கும்.

செல்வி ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை. ஏழரைக்குக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

அந்த வார்த்தை

அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். மிராசுதார் வீட்டு மோட்டார் செட்டில் ஒரு பித்தளை வால்வைக் காணோம். என் அப்பா அங்கே பண்ணையாள். யாரும் எதையும் விசாரிக்கவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குத்தான் தலையாரி வந்தார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில், புளியமரத்தடியில் குந்தவைத்திருந்தார்கள். போகிற வருகிற எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

வால்வு மறுநாள் மிராசுதாரின் வைக்கோல் பட்டறையிலேயே கிடைத்தது. யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. அப்பா அதற்குப் பிறகு அந்த ஸ்டேஷன் இருக்கும் தெருவில் நடந்ததே இல்லை, சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போவார்.

லுங்கியை நீட்டியபோது இது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனாலும் கட்டிக்கொண்டேன். “ஒங்க அப்பாவ ஒக்கார வச்ச எடத்துல நீங்களா போயி ஒக்காந்துட்டு வந்திருக்கீங்க” என்று அன்றிரவு செல்வி சொன்னாள்.

இப்படியிருக்க, கயலுக்கு இந்த இடம் வந்தது. வந்தது என்று சொல்வது எங்கள் மரியாதைக்காக. தஞ்சாவூரில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் அந்தப் பையன் பிரபாகரும் வேலை பார்க்கிறான். இருவரும் முடிவு செய்துவிட்டு எங்களிடம் சொன்னார்கள். அவன் அப்பா சாது. அம்மா சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். அம்மா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் மகன் எதிர்த்து நிற்கும் ரகம் அல்ல என்று கயலே ஒளிக்காமல் சொன்னாள்.

கூடவே இன்னொன்றும் சொன்னாள். அந்த அம்மாள் ஏழரைக்கு விளக்கேற்றிவிட்டு உட்காருவது அதே தொடரின் முன்னால். திருடன் என்ற பெயரோடு இந்த வீட்டில் ஒருத்தரும் அவர் கண்ணில் படக்கூடாது என்று செல்வி முடிவெடுத்தாள். எனக்கு உத்தரவுகள் வந்தன. வேட்டி, கண்ணாடி, திருநீறு. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. டிவிக்கு எம்பிராய்டரித் துணி போட்டு மூடி, ரிப்பேர் என்று சொல்லிவிட வேண்டும். நான் மறுபேச்சுப் பேசவில்லை. என் மிதப்பெல்லாம் வடிந்து, என்னால் பெண்ணின் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதே என்ற ஒரு பயம்தான் மிச்சமிருந்தது.

நாற்றங்காலில் ஆடு

“ஏழரைக்குப் போலீஸ் கதை வருதே, அத இங்க பாக்குறதில்லையா?” என்று கேட்டார் தமயந்தி அம்மாள்.

டிவி ரிப்பேர் என்றாள் செல்வி. அந்த அம்மாள் பரிதாபப்பட்டார். பையனின் அப்பா இரண்டாவது பஜ்ஜியை எடுத்தார். பிரபாகர் தன் செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். கயல் வந்து வணங்கிவிட்டுப் போனாள். அரைமணி நேரம் தாண்டிவிட்டால் பிழைத்துவிடலாம் என்று நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூடத்திலிருந்து பார்த்தால் கொல்லைக் கதவு வழியாக வயல் தெரியும். குறுவைக்கு நாற்று விட்டிருந்தேன். பொழுது இறங்கும் நேரம், மேய்ந்துவிட்டு வீடு திரும்பும் ஆடுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு கறுப்பு ஆடு வரிசையை விட்டு விலகி வேலிச் சந்தில் தலையை நுழைத்தது. நான் செல்வியைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே உட்காருங்க என்றாள். ஆடு நாற்றங்காலுக்குள் இறங்கியது. பின்னாலேயே இன்னும் ஐந்தாறு இறங்கின.

ஒரு பருவத்து நாற்று அது. பத்து எண்ணும்வரை பொறுத்தேன். பதினொன்றில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டியது நினைவில்லை, கண்ணாடி எங்கே விழுந்தது என்பதும் நினைவில்லை. வரப்பின் மேல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆடுகளை ஒவ்வொன்றாக விரட்டி, வேலிச் சந்தை அடைத்துவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு திரும்பினேன். கொல்லைப் படியில் தமயந்தி அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

“அந்த ஆளு நீங்கதான” என்றார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் உள்ளே திரும்பி மகனைப் பார்த்தார். “ஒனக்குத் தெரியுமா?” பிரபாகர் தலையைக் குனிந்துகொண்டான். செல்வி சுவரோடு சாய்ந்துவிட்டாள். அறை வாசலில் கயல் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

“நடிச்சது ஒரு தப்பா? சொல்லிட்டுப் போயிருக்கலாம். இதையே மறைக்கிறவங்க இன்னும் எதெத மறைச்சீங்களோன்னு எனக்குத் தோணுமா தோணாதா?” என்றார் அவர். கத்தவில்லை. நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து முடிச்சை இறுக்கினார். கிளம்புவதற்கான அறிகுறி அது.

நான் படியிலேயே, சேற்றோடு நின்று சொன்னேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வால்வு, தலையாரி, புளியமரத்தடி, எல்லாவற்றையும். திருடன் என்ற வார்த்தையைக் கேட்டால் இந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தும், ஓடும் ஆசையில் போய் நின்றவன் நான். மறைத்ததற்கு நான்தான் பொறுப்பு, என் பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.

தமயந்தி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழு இருபத்தெட்டு. மன்னார்குடி போய்ச் சேருவதற்குள் அன்றைய தொடர் முடிந்துவிடும். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

“அந்த ரிப்பேர் டிவியப் போடுங்க” என்றார்.

செல்வி எம்பிராய்டரித் துணியை எடுத்தாள். சைரன் ஊதியது. என் வாழ்க்கையில் நான் அத்தனை பயத்தோடு எதையும் பார்த்ததில்லை. பொத்தான், கேட், ஜீப், பாதங்கள். நான் பக்கத்துத் தரையில் சேற்றுக் காலோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு அது தெரியும். இருந்தும் தவில் அடி தொடங்கியதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டு புள்ளிகளும் நெருங்கும்போது அவர் கை முந்தானையை இறுக்கிப் பிடித்தது. காலர் சிக்கியதும், “ப்ச்” என்று பெருமூச்சு விட்டார்.

அந்த ஒரு ‘ப்ச்’சில் என் ஆராய்ச்சி முழுக்கப் பொய்யாகிவிட்டது. நியாயம் நடப்பதைப் பார்க்க அவர் உட்காரவில்லை. இரண்டு வருடமாக, தினமும், அந்தத் திருடன் இன்றாவது தப்பிக்க மாட்டானா என்றுதான் பார்த்திருக்கிறார்.

“நல்லாத்தான ஓடிட்டு இருந்தீங்க. கடைசியில ஏங்க திரும்பிப் பாத்தீங்க?” என்றார். “பாக்கலன்னா அந்தாளால ஒங்கள பிடிச்சிருக்க முடியுமா?”

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“பின்னாடி அவருக்குக் கால் வழுக்குன சத்தம் கேட்டுச்சுங்க. அடிகிடி பட்டுடுச்சோன்னு பாத்தேன்.”

தமயந்தி அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். திரையில் கதை தொடங்கியிருந்தது, கொலைகாரன் மறுபடியும் இன்ஸ்பெக்டர் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். இதுக்கு மேல இதுல ஒண்ணும் இருக்காது என்று தமயந்தி அம்மாளே டிவியை நிறுத்தினார். பையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே வாழை இலையில் மடித்த மல்லிகைச் சரம் இருந்தது.

“கயலு, இங்க வாம்மா. தலையத் திருப்பு.”

பெண்ணின் தலையில் பையன் வீட்டார் பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கம் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் சேற்றுக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வாசலில் காரில் ஏறி உட்கார்ந்தவர், கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். குனிந்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

“நாளைக்காவது திரும்பிப் பாக்காம ஓடுங்க, சம்பந்தி” என்றார்.